இரத்தினபுரி வழியா, மஸ்கெலியா வழியா?

என் காலில் ஒரு கோளாறும் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காயல்பட்டினத்தில் என்னை ‘முட்டிக்காரன்’ என்று கூப்பிடுகிறவர்கள் இதை வாசித்தபிறகு வேறு பெயர் தேடிக்கொள்ளட்டும். மாமா உயிரோடு இருந்தவரை எழுத முடியவில்லை. போன நோன்பு மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். இனி எழுதலாம்.

நான் கருப்பட்டி வியாபாரி. தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் கடலோரமாக நடந்தே போய்வருகிறவன். கடற்கரை என்றால் எல்லாம் ஒரே நடை என்று நினைக்கக்கூடாது. நோஞ்சானும் பிள்ளை சுமப்பவளும் அலை நனைத்த மணலில் நடக்கலாம், கால் புதையாது. நல்ல காலுள்ளவன் காய்ந்த மணலில் போவான். தேரி என்கிற செம்மணல் மேடு வாலிபனுக்கு மட்டும். நான் தேரியில் நடக்கிறவன். அதனால் நடப்பதைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் இலங்கைக்குப் போனேன்.

போகக் காரணம் மீரான் மாமா. என் உம்மாவுக்கு அண்ணன். பதினேழு வயதில் தோணியேறிப் போனவர். இரத்தினபுரியில் கல் வியாபாரம். அறுபது தாண்டிவிட்டது. ‘கடையை மூடிவிட்டேன், வந்துவிடுகிறேன்’ என்று கடிதம் எழுதி மாதம் நாலாகியும் ஆளைக் காணவில்லை. மாமி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். உம்மா என்னைப் பிடித்து, “போய்க் கையோடு கூட்டிட்டு வா” என்றாள்.

இரத்தினபுரிக்குப் போகும் ரயில் நம் ஊர் ரயிலில் பாதி அகலம். எதிரே உட்கார்ந்தவரின் முட்டியும் என் முட்டியும் வழியெல்லாம் இடித்துக்கொண்டே வந்தன. ஏற்றத்தில் அது போன வேகத்துக்கு ஒருவர் இறங்கி வேலியோரத்தில் வெற்றிலை கிள்ளிக்கொண்டு மறுபடி ஏறினார். யாரும் அதிசயப்படவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டை. பனை மரத்தின் உச்சியில் கலயம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இடுப்பு உயரத்தில் பால் வடிவது வேடிக்கையாக இருந்தது.

மாமா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். உடம்பு பெருத்திருந்தது. என்னைக் கட்டிப் பிடித்தவர், விட்டதும் கொஞ்சம் மூச்சு வாங்கினார். சந்தோஷத்தில் என்று எடுத்துக்கொண்டேன்.

“சாமானெல்லாம் கட்டியாச்சா? எப்ப கெளம்புறோம்?” என்று கேட்டேன்.

“மலைக்குப் போய்ட்டுத்தான்.”

“எந்த மலைக்கு?”

அவர் வடகிழக்கே கையைக் காட்டினார். அங்கே மேகம்தான் இருந்தது. அதற்குள்ளே மலை இருப்பதாகச் சொன்னார். உச்சியில் ஒரு பாதச் சுவடு. சிங்களவர் புத்தரின் பாதம் என்கிறார்கள். தோட்டத்துத் தமிழர் சிவனொளிபாதம் என்கிறார்கள். நம்மவர்களுக்கு அது முதல் மனிதர் பாவா ஆதமின் பாதம். பதினேழு வயதில் தோணியில் வந்தபோது, கரை தெரியுமுன்னே அந்த மலை தெரிந்ததாம். ‘ஊருக்கு ஒரேயடியாகத் திரும்புமுன் அங்கே ஏறித் தொழுவேன்’ என்று நேர்ந்துகொண்டாராம். நாற்பத்தைந்து வருடம் அதன் அடிவாரத்திலேயே இருந்துகொண்டு ஒருநாள்கூட ஏறவில்லை. “ஏறினா போகவேண்டி வந்திருமே மருமவனே” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று ஊரைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை இடியாப்பம், சொதி, மாசிச் சம்பல். நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். மதியம் மீன் கேட்டேன். கருவாடு வந்தது. நாளைக்கு மீன் கிடைக்குமா என்று கேட்டபோதுதான் வேலாயுதம் வந்து சேர்ந்தான்.

“நாளையிலேருந்து கருவாடும் கிடையாதுங்க தம்பி. மலைக்குப் போறவங்க ஒரு வாரம் மச்சம் தொடக்கூடாது.”

வேலாயுதம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். நாற்பது வயது. ஆள் கருவேலங்கட்டை மாதிரி. வருடாவருடம் தோட்டத்து ஆட்களை மலைக்கு அழைத்துப்போகிறவன் அவன்தான். எங்களையும் அழைத்துப்போக மாமா அவனிடம் பேசியிருந்தார்.

“மொதலாளி எந்த வழின்னு நான் பாத்துச் சொல்றேன். காலையில தோட்டத்துக்கு வாங்க” என்றான்.

போனோம். விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் ஒரு மேட்டின் தலையில் இருந்தது. எங்கள் இருவரையும் அந்த மேட்டில் ஏறச் சொன்னான். ஏறி முடித்த அடுத்த நிமிடம், “தம்பி, ஒங்க ஊர்த் தெருப் பேரெல்லாம் சொல்லுங்க” என்றான். கடகடவென்று சொன்னேன். “மொதலாளி, ஒங்க பேரப்புள்ளைக பேரைச் சொல்லுங்க.” மாமாவுக்குப் பதினோரு பேரப்பிள்ளைகள். மூன்றாவது பெயரில் நின்று, தொண்டையைச் செருமி, வெற்றிலைச் செல்லத்தைத் தேடினார்.

பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “ஏய் வேலாயுதம், மொதலாளிக்குப் பேரப்புள்ளைகளே மறந்துபோச்சாக்கும்!” என்றாள் ஒருத்தி.

வேலாயுதம் சிரிக்கவில்லை. “இதுதாங்க என் கணக்கு. ஏறி நின்னு பேச முடிஞ்சவங்களுக்கு இரத்தினபுரி வழி. பேச முடியாதவங்களுக்கு மஸ்கெலியா வழி. அங்க பாதித் தூரம்தான், குந்துறதுக்கும் எடம் இருக்கு. குருவிட்டைப் பக்கமா இன்னொரு வழி இருக்கு, அது ஆடுகளுக்கு. தம்பி இங்கேருந்தே ஏறலாம். மொதலாளி மஸ்கெலியாவுக்குச் சுத்திப் போவணும்.”

“அது பொம்பளைங்க போற வழிடா,” என்றார் மாமா. “நாப்பத்தஞ்சு வருஷம் இரத்தினபுரியில இருந்துட்டு, பஸ்ஸேறிப் போய் அந்தப் பக்கமா ஏறினேன்னா கடைத்தெருவுல என்ன பேசுவாங்க?”

வேலாயுதம் என்னைப் பார்த்தான். “தம்பி, நீங்க சொல்லுங்க. பெரியவரால முடியுமா?”

அவன் கேட்டது என்னை நம்பி. நான் பதில் சொன்னது அவன்மேல் இருந்த கோபத்தில். மேட்டில் ஏற்றி, பெண்களுக்கு முன்னால் என் மாமாவைச் சோதிக்க இவன் யார்? எங்கள் ஆட்கள் நடக்கிறவர்கள் என்று நினைத்தேன். “முடியும்” என்றேன். இதற்கு ஒரு காரணமும் கற்பிக்க மாட்டேன். என் காலை வைத்து இன்னொருவர் வழியைத் தீர்மானித்தேன். அவ்வளவுதான்.

ஒரு வாரம் பருப்பும் பலாக்காயும் தின்றோம். எட்டாம் நாள் புறப்பட்டோம்.

முதல் நாள் நடை சுகம். கிலிமலை வரை வயலும் கமுகந்தோப்பும். ஒரு வீட்டில் பால் சேர்க்காத பிளேன்டீ கொடுத்தார்கள். சர்க்கரை போடாமல், கித்துள் என்கிற காட்டுப் பனையின் கருப்பட்டித் துண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சவேண்டும். கருப்பட்டி வியாபாரி சொல்கிறேன்: நம் பனங்கருப்பட்டி இன்னும் காட்டம், ஆனால் இது வாயில் கரைகிற விதம் தனி. இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

வேலாயுதத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. மெதுவாக நடக்கிறவர் முன்னால். வேகமாக நடக்கிறவர் கடைசி. அப்போதுதான் யாரும் பின்தங்கமாட்டார்களாம். நான் அதைக் கேட்கவில்லை. முன்னால் போய்ப் போய் நின்று காத்திருந்தேன். நின்ற இடத்திலெல்லாம் அட்டை ஏறியது. நூல் மாதிரி ஏறி, விரல் மாதிரி இறங்குகிறது. உப்புப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்த வேலாயுதம், “முன்னால போறவங்களுக்குத்தாங்க அட்டை விருந்து” என்றான்.

பலாபத்தலையில் அம்பலம் என்கிற வழிமடத்தில் தங்கினோம். அங்கே வெள்ளைத் துணி கட்டிய சிங்களக் கூட்டம் ஒன்று இருந்தது. இருபது பேர், அவர்களுக்கு ஒரு தலைவர். எல்லோரும் ஒருவரையொருவர் ‘கருணாவை’ என்று வாழ்த்திக்கொண்டார்கள். அருள் உண்டாகட்டும் என்று அர்த்தமாம். நான் அந்தத் தலைவரிடம் வேலாயுதம் மூலமாக, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். வேலாயுதம் மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

“அதைக் கேக்கக் கூடாதுங்க. மலையில தூரம்னு சொல்லக்கூடாது. களைப்பா இருக்கு, முடியலன்னும் சொல்லக்கூடாது. சொன்னா மலை நீளும்.”

“சொல்லாட்டிக் கொறையுமா?”

“சும்மா வாங்க தம்பி.”

இது முட்டாள்தனம் என்று அவனிடம் சொன்னேன். மாமா குறுக்கிட்டார். “ஊர் வழக்கம் மருமவனே. மதிச்சு நடக்கணும்.” அவர் அந்தச் சட்டத்தைப் பயபக்தியோடு ஏற்றுக்கொண்டார். அதில்தான் வினை இருந்தது.

மறுநாள் உண்மையான ஏற்றம். கல்லும் வேரும்தான் படி. ஒரு படி என் முழங்காலுக்கு வரும். அடுத்தது தொடைக்கு வரும். காடு தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தேரியில் கால் புதைந்தாலும் கண்ணுக்கு முன்னால் வானம் இருக்கும். இங்கே கண்ணுக்கு முன்னால் அடுத்த கல்தான். இரண்டு மணி நேரத்தில் என் வேட்டி முழங்கால் வரை சேறு.

மாமா அடிக்கடி நின்றார். நின்ற போதெல்லாம் தஸ்பீஹ் மாலையைக் கையில் எடுத்தார். “ஓதிட்டு வாறேன், நீங்க போங்க” என்றார். பக்திமான்தானே என்று நானும் விட்டுவிட்டேன். நாலைந்து தடவை அப்படியே நடந்தது. உச்சி வெயில் நேரத்தில் ஒரு பாறையடியில் காத்திருந்தவன் திரும்பிப் பார்த்தேன். மாமா கீழே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாலை கையில் இருந்தது. மணி ஒன்றும் நகரவில்லை.

இறங்கி அவரிடம் போனேன். உதடு நாவற்பழம் தின்றது மாதிரி இருந்தது. நெற்றி குளிர்ந்து வேர்த்திருந்தது. இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“மாமா, என்ன செய்யுது?”

“ஒன்னுமில்ல.” ஒரு மூச்சு. “நட.”

“திரும்பிருவோம்.”

அவர் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். பேச்சு வரவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருக்கிறாரா, சொல்லவே முடியாமல் இருக்கிறாரா என்று தெரியவில்லை. கண்ணில் ஒன்று மட்டும் தெரிந்தது. இந்த மனிதர் இங்கே விழுவாரே ஒழிய, திரும்ப மாட்டார். ஊரில் மாமி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நான் ‘முடியும்’ என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறேன்.

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். அதனால் எனக்கு ஊரில் பல சண்டைகள். அன்று அந்தச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

“என்னால முடியல மாமா. முட்டி போச்சு. இனி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டேன்.”

வேலாயுதம் மேலேயிருந்து ஓடிவந்தான். “தம்பி! அப்படிச் சொல்லாதீங்க!”

“முடியல! முடியல! ரொம்ப தூரம்! களைப்பா இருக்கு!” சொல்லக்கூடாத அத்தனையையும் கத்தினேன். அப்போது அந்தச் சிங்களக் கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. தலைவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வேலாயுதம் பிறகு சொன்னான்: “இத்தனை பெரிய ஆம்பளை, குழந்தைகூட அழாத இடத்தில் அழுகிறானே” என்றாராம். ஒரு பெண் இரக்கப்பட்டு என் கையில் ஒரு நெல்லிக்காயை வைத்துவிட்டுப் போனாள்.

மாமா மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே பத்து நிமிடம் முனகினேன். அவருக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. என் முட்டியைத் தடவிக்கொடுத்தார்.

“ஒன்னை இப்படியே விட்டுட்டு நான் மட்டும் போவேனா? வா, எறங்குவோம்” என்றார்.

வேலாயுதம் என்னைப் பார்த்தான், மாமாவின் உதட்டைப் பார்த்தான், மூட்டைகளை எடுத்துக்கொண்டான். “மெதுவா நடக்கிறவரு முன்னால” என்றான். நான் முன்னால் நொண்டினேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆதரவு கொடுப்பதாக நினைத்து, தன் பாரத்தை என்மேல் போட்டபடி இறங்கினார். “பாத்து. மெதுவா. அவசரமில்ல” என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்ச தூரம் போனதும் வேலாயுதம் என் காதருகே குனிந்தான்.

“தம்பி, காலை மாத்தி நொண்டுறீங்க. மேல உக்காந்தப்ப வலது முட்டியைத்தான் புடிச்சீங்க.”

இரத்தினபுரியில் மாமா முதல் வேலையாக ஒரு சிங்கள வைத்தியரை எனக்காக வரவழைத்தார். ஐந்து நாள், ஒரு குறையும் இல்லாத என் முட்டிக்கு ஓர் எண்ணெய் தேய்த்தார்கள். செத்த எலி நாற்றம். பதிலுக்கு நான் அந்த வைத்தியரை மாமாவின் நாடியையும் பார்க்கவைத்தேன். அவர் நெடுநேரம் பிடித்துப் பார்த்தார். கடைக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார்: “பையனின் முட்டி ஒன்றும் பெரிதல்ல. பெரியவர் மூச்சு முட்டும் முன்பே உட்காரப் பழகவேண்டும். மூச்சு முட்டிய பிறகு உட்காருவது உட்காருவதே அல்ல.” இத்தனை பயணத்தில் நான் கேட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அது.

மாமா இரண்டு நாள் யோசித்தார். பிறகு, கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி, “என்ன செய்றது, மருமவனுக்குக் காலு சரியில்ல. பொம்பளைங்க வழியாத்தான் கூட்டிட்டுப் போகணும்” என்றார்.

எண்ணெய் நாற்றத்தோடு மறுபடி புறப்பட்டோம். யட்டியாந்தோட்டையில் பஸ் பிடித்தோம். கடைத்தெருவில் வேலாயுதம் தடியாக இரண்டு தேங்காய் ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் வாங்கிக் கொடுத்தான். உறைப்பில் காது அடைத்தது. பஸ்ஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏற்றம் தொடங்கியதும் மூக்கிலிருந்து ஆவி விட்டது. டிரைவர் எல்லா ஆண்களையும் இறங்கி நடக்கச் சொன்னார். பெண்களும் சீக்காளிகளும் மட்டும் உட்காரலாம்.

“இவனுக்கு முட்டி சரியில்ல. இவன் இருக்கட்டும்” என்று மாமா எழுந்தார்.

“மாமா, தனியா இருந்தா எனக்குத் தலை சுத்தும். நீங்களும் கூட இருங்க.”

இருந்தார். தேரியில் நடக்கிற நான், பஸ்ஸில் ஆறு பெண்களுக்கும் ஒரு கூடைக் கோழிகளுக்கும் நடுவே உட்கார்ந்து மலையேறினேன். வெளியே வேலாயுதம் ஜன்னலோரமாகவே நடந்துவந்து, “சௌகரியமா இருக்கீங்களா தம்பி?” என்று வளைவுக்கு வளைவு விசாரித்தான். ஒரு பெண் எனக்கு இஞ்சி கொடுத்தாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மஸ்கெலியாப் பக்கம் தேயிலை மலையினூடே வழி போகிறது. சனங்கள் பெரும்பாலும் இரவில் ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்க்கிறார்கள். நாங்கள் பகலில் ஏறினோம். “பகல்ல ஏறினா மொகம் தெரியும்” என்றான் வேலாயுதம். யார் முகம் என்று நான் கேட்கவில்லை.

“நொண்டி முன்னால” என்று என்னை முதலில் விட்டான். மாமா நடுவில், அவன் கடைசி.

அன்றுதான் நான் நடக்கக் கற்றுக்கொண்டேன். முன்னால் போனாலும் என் காது பின்னால் இருந்தது. மாமாவின் மூச்சைக் கேட்டுக் கேட்டு அடி வைத்தேன். அது சீராக இருக்கும்போது நடந்தேன். கொஞ்சம் கரகரக்கத் தொடங்கும்போதே, “உம்மா, முட்டி!” என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தேற்ற உட்காருவார். முப்பது படிக்கு ஒருதரம் என் முட்டி வலித்தது. செங்குத்தான இடங்களில் பத்துப் படிக்கு ஒருதரம். தடியூன்றிய கிழவர்கள் எங்களைத் தாண்டினார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒரு தோட்டத்துப் பெண் தாண்டினாள். “ஐயோ பாவம், வாட்டசாட்டமான ஆளு, காலுதான் இப்புடி” என்று அவள் தன் புருஷனிடம் சொன்னது நன்றாகக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

பாதி வழியில் ஒரு மடத்தில் படுத்து எழுந்து, மறுநாள் வெயில் ஏறியபின் உச்சியை அடைந்தோம். மாமாவின் உதடு வெற்றிலைச் சிவப்பாகவே இருந்தது. மேகம் விலகியிருந்தது. மேற்கே, நிலம் முடிகிற இடத்தில், தகரத் தகடு மாதிரிக் கடல் தெரிந்தது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். “அங்கேருந்துதான் இதைப் பாத்தேன்” என்றார்.

ஒரு ஓரத்தில் துண்டை விரித்து இரண்டு ரக்அத் தொழுதார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். முட்டியை மடக்கச் சிரமப்படாதே என்று வேறு சொன்னார். பிறகு கையேந்தினார். நாற்பத்தைந்து வருடம் சுமந்த நேர்ச்சை. என்ன கேட்பாரோ என்று நானும் தலை குனிந்திருந்தேன்.

“யா அல்லாஹ், என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேத்துட்டே. எனக்குன்னு கேக்க ஒன்னுமில்ல. இந்தப் புள்ளையோட முட்டியைச் சொகமாக்கித் தா.”

வேலாயுதம் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

“ஆமீன்” என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.